வாழைப்பூவின் ஒன்றுவிட்ட தங்கை

விமான நிலையத்தின் பின்புறம், ஜன்னல் இல்லாத கூடத்தில்
நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு தட்டுகளை மூடுகிறவள் நான்.
கோழியா பாஸ்தாவா என்று மேலே யாரோ கேட்பதற்குள்
கீழே அதற்குத் தேதி ஒட்டியிருப்பேன்.

ஜூலையில் நான்கு நாள் விடுமுறை கிடைத்தது.
சுகிர்தாவின் பழைய பெஜோவில் பிரெத்தாஞ் போனோம்.
சாலை முடிந்த இடத்தில் வயல்,
வயல் முடிந்த இடத்தில் கடல்.
நடுவில் வேலி போட யாருக்கும் தோன்றவில்லை.

பண்ணை வாசலில் பலகை: ஒரு மணிக்குச் சாப்பாடு.
என்ன சாப்பாடு என்று எழுதியிருக்கவில்லை.
ரப்பர் பூட்ஸோடு வந்த குவெனோலா
போன்ஜூர் சொன்ன கையோடு கத்தியை நீட்டினாள்:
"உங்களுடையதை நீங்களே வெட்டி வாருங்கள்."

ஆர்ட்டிஷோ.
இடுப்புயரச் செடியில், சாம்பல் படிந்த பச்சையில்,
முஷ்டி மடக்கிய பூ.
வரப்போரம் உரத்துக்குக் குவித்த கடற்பாசியில்
பொடிப்பூச்சிகள் துள்ளின.
சுகிர்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.
எனக்குப் பசித்தது.

மேசை ஒரு பழைய கதவு.
பூட்டு இருந்த ஓட்டை அப்படியே இருந்தது,
அதன் வழியே ஒரு பூனையின் காது தெரிந்தது.
சுற்றி ஒன்பது பேர்.
ரேன் நகரத்துப் பல் மருத்துவர் குடும்பம்,
சைக்கிளை மழையில் நனையவிட்டு வந்த தபால்காரர் லோயிக்,
மற்றவர்கள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.
ஆப்பிள் மது கிண்ணத்தில் வந்தது.
வெண்ணெயில் உப்புக்கல் பல்லில் நறநறத்தது.
கறுப்பு மாவில் ஓரம் முறுகிய தோசை.
ஆம், தோசைதான்,
அவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும்.

"உங்களுக்கு இது பழக்கமிருக்காது,
காட்டித் தரட்டுமா?" என்றார் பல் மருத்துவர், அன்பாகத்தான்.
நான் அதற்குள் ஆறாவது மடலில் இருந்தேன்.
நடுவில் மயிர்க்கற்றை தட்டுப்பட்டதும்
கள்ளனை எடுக்கிற அதே விரல்கோணத்தில்
சுரண்டிப் போட்டேன்.
வாழைப்பூவுக்கு இவ்வளவு தூரத்தில்
ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருக்கிறாள்.
அக்காவுக்குத் தெரியுமோ என்னவோ.

பிறகு கோழி வந்தது.
சட்டியின் மூடியைத் திறந்தபடி குவெனோலா சொன்னாள்:
"இவள் ஓதில்.
முட்டையிடுவதை மார்ச்சில் நிறுத்திவிட்டாள்."

சுகிர்தாவின் முள்கரண்டி பாதியில் நின்றது.
கொஞ்ச நேரம் கூரையில் மழை மட்டும் பேசியது.
எத்தனை லட்சம் கோழித்துண்டுகள் என் கையைக் கடந்திருக்கும்,
ஒன்றின் பெயரும் நான் கேட்டதில்லை.
கேட்டிருந்தாலும் அந்தச் சின்ன ஒட்டுத்தாளில்
எங்கே எழுத?

ஓதிலின் தொடை கடினமாக இருந்தது.
வயல் முழுக்க நடந்து திரிந்தவள்.
மெல்ல நேரமெடுத்தது, எடுத்துக்கொண்டேன்.
சுகிர்தா உருளைக்கிழங்கை மட்டும் தின்றாள்,
அதற்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை என்று
இருமுறை விசாரித்த பிறகு.

விதைப் பொட்டலத்தின் பின்புறம் கணக்கு எழுதித் தந்தாள்.
இருவருக்கு நாற்பத்து நான்கு யூரோ.
பழக்கதோஷம், திருப்பித் தேதி தேடினேன்.
"காரட். மார்ச் முதல் ஜூன் வரை விதைக்கலாம்."
ஒரு மாதம் தாமதித்துவிட்டேன்.

திங்கள், அதிகாலை நாலரை.
விரல் நுனிகள் இன்னும் கறுப்பு.
எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை, குடும்பக் கறை அது.
மதாம் ப்ரிஸார் என் நகங்களை விளக்கடியில் பிடித்து
"என்ன இது?" என்றாள்.
"பூ" என்றேன்.
இரண்டு ஜோடி கையுறை போடச் சொன்னாள். போட்டேன்.

முதல் தட்டு நகர்ந்து வந்தது.
கோழி.
ஒட்டுத்தாளை உரித்துக் கையில் வைத்திருந்தேன்,
ஒரு நொடி, அவ்வளவுதான்.
பெல்ட் எனக்காக நிற்கவில்லை.
எந்த ஊர் வானத்துக்கோ
தேதியில்லாமல் ஒரு தட்டு போய்விட்டது.